தலைக்கவசத்தைப் பறித்துக்கொண்டவர்

அந்த மனிதர் என் மகனைக் காப்பாற்றினாரா, அல்லது என்னிடமே மறைக்கப் பழக்கிவிட்டுப் போனாரா? அவர் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. ஒரு நாள் ஒன்று சரியென்று படும், அடுத்த நாள் மற்றது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் அவரை எல்லோரும் 'கோச்' என்றுதான் சொல்வார்கள். அமெரிக்கர். புறநகரான லா கூர்னெவ் பக்கத்தில் இருந்த ஒரு கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்போல் பழக்க வந்தவர். நம்மவர்கள் பார்க்கிற உதைபந்தாட்டம் இல்லை. இரண்டு முனையும் கூரான பந்து, தோளுக்கும் தலைக்கும் கவசம், ஓடி வருகிறவனை முட்டிச் சாய்க்கிற ஆட்டம். என் கணவர் வேலை செய்யும் பலசரக்குக் கடையில் மட்டன் ரோல்ஸ் நன்றாக இருக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி இல்லாத நாட்களில் வந்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார். கடையில் இருந்த ஒரே ஸ்டூல் அவரைத் தாங்காது என்று கணவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

நான் அவரை முதலில் பார்த்தது 2009இல். மகன் அப்போதுதான் ஓடப் பழகியிருந்தான். கடையில் அரிசி மூட்டைக்கு மேல் ஏறி நின்றவன் சறுக்கிக் கீழே விழுந்தான். தலை தரையில் பட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். அழுதான், உடனே நிறுத்தினான். சாமான் வாங்க வந்திருந்த பெண்கள், ஒன்றுமில்லை, கொஞ்சம் தண்ணீர் கொடு, பிள்ளைகள் விழுந்து எழும்பித்தானே வளருவார்கள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

ரோல்ஸைக் கடதாசியோடு கீழே வைத்துவிட்டு அவர் முழங்காலில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி உட்கார்ந்ததும் கடையில் நடக்க இடமில்லாமல் போனது. கைபேசி வெளிச்சத்தை மகனின் ஒரு கண்ணில் காட்டினார், பிறகு மற்றக் கண்ணில். விரலை மெதுவாக அசைத்து அவன் பார்வை அதன் பின்னால் வருகிறதா என்று பார்த்தார். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை ஆங்கிலம் படித்தவள் என்பதால் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. இன்றைக்கு முழுக்க இவனைக் கவனி, வாந்தி எடுத்தாலோ வழக்கமில்லாத நேரத்தில் தூங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். சொன்ன பிறகும் அவர் கிளம்பவில்லை. ரயிலைத் தவறவிட்டுவிட்டு அங்கேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாளுக்கு வேற வேலை இல்லையோ? உம்மையும் பயப்பிடுத்திப்போட்டுப் போறார்" என்றார் கணவர்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாலைவரை காத்திருந்தோம். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கணவர் பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்றைக்கு ஒரு பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது. மகன் எங்கே இடித்துக்கொண்டாலும் நானும் கைபேசி வெளிச்சத்தைத் தேடுவேன்.

கோச்சுடைய வேலையைப் பற்றிப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். ஜெர்மனி, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், மெக்சிக்கோ என்று அவர் போகாத இடம் இல்லை. எங்கும் ஒரு பருவம், கூடினால் இரண்டு. இவ்வளவு ஊர் பார்த்தவரிடம் ஊர்க்கதை கேட்கலாம் என்று கடைக்காரர்கள் ஆசைப்படுவார்கள். நான்தான் மொழிபெயர்ப்பேன். ஜப்பான் எப்படி என்று கேட்டால், அங்கே இடக்கையால் பந்து எறிகிற ஒருவன் இருந்தான், முக்கியமான ஆட்டத்தில் அவனை உட்கார வைத்தேன் என்பார். பின்லாந்தில் குளிரா என்றால், அங்கே இரட்டையர் இருவர் இருந்தார்கள், ஒரே நாளில் இருவரையும் உட்கார வைத்தேன் என்பார். அவருக்கு உலகம் முழுக்க, அவர் உட்கார வைத்த ஆட்களாகத்தான் நினைவில் இருந்தது.

உட்கார வைப்பது என்றால் அவருக்கு ஒரே வழிதான். முட்டி விழுந்தவன் எழும்பி வரும்போது கொஞ்சம் தடுமாறினால், அவன் தலைக்கவசத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வார். அது இல்லாமல் யாரும் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. வாதாடுவதற்கு இடமே இல்லை. பெண்கள் குடத்தை இடுப்பில் வைப்பதுபோல அதை அணைத்தபடி ஆட்டம் முடியும்வரை நடப்பார். சில நாள் இரண்டு பக்கமும் இரண்டு இருக்கும். பிள்ளைகள் பிரெஞ்சில் அவருக்குக் 'காஸ்க் கள்ளன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காஸ்க் என்றால் தலைக்கவசம்.

"நான் நல்லாயிருக்கிறேன்" என்று எந்த விளையாட்டுக்காரன் சொன்னாலும் அவர் நம்பியதில்லை. அதனால்தான் அத்தனை ஊர். முதல்தடவை இங்கே வந்தபோதும் அப்படித்தான் போனார். அரையிறுதி ஆட்டத்தில் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரனுடைய தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார், தோற்றார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டு பெட்டியோடு கடைக்கு வந்து விடைபெற்றார். அந்தப் பையனுக்கு உண்மையிலேயே அடி பட்டிருந்ததா என்று கேட்டேன்.

"தெரியாது. உட்கார வைத்தால் ஒன்றும் நடக்காது. நடக்காத ஒன்றை யாருக்கும் காட்ட முடியாது" என்றார்.

இந்தப் பேச்சை நான் பல வருடம் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது மகனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்து நண்பர்களைப் பார்த்து அவனும் அந்தக் கழகத்தில் சேரவேண்டும் என்று நின்றான். கணவருக்கு விருப்பம், எனக்குப் பயம். கோச் திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும்தான் சம்மதித்தேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்கினார். மகனைப் பார்த்து, உனக்கு என்ன வயது என்று கேட்டார். அடுத்த கிழமையும் கேட்டார். அதற்கடுத்த கிழமையும்.

எங்கள் மகனோடு இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் விளையாடினான். அவனுடைய அம்மா மன்னாரைச் சேர்ந்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமைகளில் கம்பி வேலிக்கு வெளியே இருவரும் தேநீர்ப் போத்தலோடு நிற்போம்.

"உன்ர பெடியன் ஓடுறான். என்ரவன் விழுந்து படுக்கிறதுக்கெண்டே போறான்" என்பார் அக்கா. "மூக்கிலை ரத்தம் வந்ததுக்கும் அந்த மனிசன் காஸ்க்கைப் பறிச்சுப்போட்டார். மூக்காலையே யோசிக்கிறது?"

அந்த வருடம் கந்தசஷ்டி நாட்களுக்குள் ஒரு சனிக்கிழமை முக்கியமான ஆட்டம் வந்தது. நான் வழமைபோல ஆறு நாளும் விரதம். ஆட்டத்துக்கு முதல்நாள் மாலையில் மகன், நானும் விரதம் பிடிக்கப்போகிறேன், பிடித்தால் வெல்லுவோம் என்றான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பிரான்சில் பிறந்த பிள்ளை தானாகக் கேட்கிறானே என்று. ஆனால் விளையாடுகிற பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது, பாலும் வாழைப்பழமும் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். காலையில் பார்த்தபோது பால்க்கோப்பை வெறுமையாக இருந்தது.

இரண்டாம் பாதியில் பந்தோடு ஓடியவனைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் முட்டினான். பெரிய முட்டு என்று சொல்லமாட்டேன். அதைவிட மோசமானவற்றைப் பார்த்திருக்கிறேன். மகன் எழும்பினான், கையைத் தட்டினான், நடந்தான். எதிரணியின் பக்கமாக நடந்தான். இரண்டு மூன்று எட்டு வைத்தபின் நின்று, திரும்பி எங்கள் பக்கம் வந்தான்.

கோச் கோட்டுக்கு வெளியே தயாராக நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்.

நான் வேலியைச் சுற்றி ஓடிப்போனேன். மகன் பெஞ்சில் உட்கார்ந்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தான். குனிந்து அவன் காதோடு கேட்டேன். அவன் என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பான். அன்றைக்குத் தமிழில் சொன்னான்.

"பாலும் குடிக்கேல்லை அம்மா. ஊத்திப்போட்டன். தண்ணி மட்டுந்தான்."

பிள்ளை பட்டினி என்று கேட்டும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியென்றால் இது தலையில் பட்ட அடி இல்லை, பசி மயக்கம். கோச்சிடம் போய்ச் சொன்னேன். விரதம் என்றால் என்ன என்று விளக்கினேன். நேற்றிரவுக்குப் பிறகு அவன் ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு வாழைப்பழம் கொடுத்தால் சரியாகிவிடும் என்றேன். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்காகக் கதைக்கிறேன் என்று நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "அப்படியென்றால் உட்கார வைக்க இரண்டு காரணம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைக்கவசம் அவர் இடுப்பில் இருந்தது.

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். அதற்குப் பிறகும் சில கிழமைகள் மகனை அவர் இறங்க விடவில்லை. வைத்தியர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. அடியாகவும் இருக்கலாம், பட்டினியாகவும் இருக்கலாம், ஓய்வெடுத்தால் நல்லது என்றார். கணவர் கொதித்தார். பட்டினி கிடந்த பிள்ளைக்குச் சோறு போடாமல் தண்டனை போடுகிறார் என்றார். மகன் என்னோடு கதைக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் திடீரென்று பிரெஞ்சில் கேட்டான், நான் உன்னிடம் சொன்னதை ஏன் அவரிடம் சொன்னாய் என்று. உன்னுடைய நன்மைக்கு என்று ஏதோ சொன்னேன். தலையாட்டிவிட்டு எழும்பிப் போனான்.

வசந்தகாலத்தில் திரும்ப விளையாடத் தொடங்கினான். முன்னைவிட நன்றாக விளையாடினான். கோச் அவன் தலைக்கவசத்தை ஒருமுறைகூட வாங்கவில்லை. நானும் மெல்ல மெல்லப் பயம் தெளிந்துகொண்டிருந்தேன்.

ஒரு பயிற்சி நாளில் மகனும் இன்னொருவனும் தலையோடு தலை முட்டி விழுந்தார்கள். மகன் எழும்பவில்லை, உட்கார்ந்தபடி சப்பாத்து நாடாவைக் கட்டினான். நெடுநேரம் கட்டினான். அவிழாத நாடாவை அவிழ்த்துக் கட்டினான் என்பதை வேலிக்கு வெளியே நின்ற நான் கண்டேன். மன்னார் அக்காவின் மகன் அவன் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னான். கோச் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இது எந்த மைதானம், போன கிழமை யாரோடு ஆடினோம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார். மகன் ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் பதில் சொல்லிச் சிரித்தான். கோச் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்காவின் மகன்தான் எங்கள் இருவரிடமும் பெருமையாகச் சொன்னான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்வார்களாம். விழுந்தால் உடனே எழும்பக்கூடாது, நாடா கட்டவேண்டும், தலை தெளியும்வரை. கேள்விகளுக்கான பதிலைப் பக்கத்தில் நிற்பவன் காதில் சொல்லிக்கொடுப்பான். ஒவ்வொரு சனிக்கிழமையும் பயிற்சிக்கு முன்னம் பதில்களைப் பாடமாக்கிக்கொள்வார்களாம்.

"ஆரடா உங்களுக்கு இதைப் பழக்கினது?" என்று அக்கா கேட்டார்.

"உங்கட மகன்தான் அன்ரி" என்று அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அன்று வீட்டில் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். மறுநாள் கோச்சிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். பிள்ளைகள் எல்லோரும் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று. கடைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடையில் கணவருக்கு உதவிவிட்டு மெட்ரோ பக்கம் நடந்தபோது, மேலே ரயில் ஓடும் பாலத்தின் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் எங்கள் கடையின் பழைய பை. எந்தப் பக்கம் போவது என்று பார்ப்பவர்போல இரண்டு பக்கமும் பார்த்தார்.

வணக்கம் சொன்னேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். மைதானத்துக்கு என்றார். இன்றைக்குப் பயிற்சி இல்லையே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, உன் மகனுக்கு என்ன வயது என்று கேட்டார். சொன்னேன். உங்களுக்கு உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டேன்.

"நான் நல்லாயிருக்கிறேன்" என்றார், சிரித்தபடி.

சொன்ன வேகமும் அந்தச் சிரிப்பும் எனக்குப் பழக்கமானவை. வேலிக்கு வெளியே நின்று எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். அவரும் இருபது வயதில் இந்த ஆட்டத்தை ஆடியவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய தலைக்கவசத்தை அன்றைக்கு யாராவது வாங்கி வைத்தார்களோ தெரியாது.

கார் து நோர் ரயில் நிலையம் வரை கூட நடந்து, லா கூர்னெவ் போகும் ரயிலில் ஏற்றிவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். கழகத்துக்கு அறிவிக்கவேண்டுமா என்று கேட்டேன்.

"இஞ்சை பாரும், அந்தாளுக்கு வயசு போட்டுது, மறதி வரும். உம்மட பயத்திலை அவற்ற வேலையிலை மண் போடாதையும்" என்றார்.

கழகத்துக்கு நான் அறிவிக்கவில்லை. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

அந்தப் பருவம் முடிந்ததும் கோச் போனார். இந்தமுறை யாரும் அனுப்பவில்லை, தானாகத்தான் போனார். அமெரிக்காவில் சகோதரி வீட்டுக்கு என்று கழகத்தில் சொன்னார்கள். கடைக்கு விடைபெற வந்தபோது மகனும் அங்கே நின்றான். கோச் அவன் முன்னால் குனிந்து விரலை இடமும் வலமும் அசைத்தார். மகனின் பார்வை கொஞ்சமும் பிசகாமல் அதன் பின்னால் போய் வந்தது. அவர் திருப்தியோடு அவன் தலையைத் தடவினார். மகன் சிரித்தான். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. உள்ளே போய்ச் சாமான் அடுக்குவதுபோல நின்றேன்.

இப்போது மகனுக்குப் பதினான்கு வயது. இளம் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பழக்குகிறார். இனிமையானவர். பிள்ளையின் வார்த்தையை நம்பவேண்டும், அதுதான் தன் முறை என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

போன சனிக்கிழமை மகன் முட்டி விழுந்தான். நாடா கட்டினான். எழும்பி விளையாடினான். நான் கேட்டதற்கு "ஒண்டுமில்லை அம்மா" என்றான். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் மகன் அழகாகப் பதில் சொன்னான். ஒன்றும் தெரியவில்லை, விளையாடலாம் என்றார் வைத்தியர். ஆனால் அன்றிலிருந்து அவன் தன் அறை ஜன்னலின் ஷட்டரைப் பகலிலும் இறக்கி வைக்கிறான். வெயில் கண்ணில் அடிக்கிறதாம். நேற்று நான் குக்கர் வைத்தேன், விசில் சத்தத்துக்கு எழும்பிப் போய்விட்டான். கணவர் எப்போதும்போல, எனக்குப் பயம் பிடித்துவிட்டது என்கிறார். எனக்குப் பயம் பிடித்தது உண்மைதான், ஆனால் பயப்படுகிறவள் காண்பதெல்லாம் பொய்யாகிவிடுமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்டம். நான் அவனை விடப்போவதில்லை. ஷட்டரையும் குக்கரையும் வைத்தியரிடம் நானே சொல்லப்போகிறேன், மகன் பக்கத்தில் இருக்கும்போதே. இதை முடிவெடுக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. இனி அவன் என்னோடு எத்தனை நாள் கதைக்கமாட்டான் என்று தெரியாது. அதைத் தாங்கிக்கொள்வேன்.

இதை வாசிக்கிற தாய் தகப்பன்மாரிடம் நான் கேட்பது வேறு. தடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். தடுக்கத் தடுக்க அவன் இன்னும் நன்றாக மறைக்கப் பழகுவான் என்பதும் தெரியும். விட்டால் என்ன நடக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை. ஒரே ஒருமுறை அவன் என்னிடம் உண்மை சொன்னான், அன்றைக்கு அதைக் கொண்டுபோய் நான் இன்னொருவரிடம் கொடுத்தேன். இப்போது மறுபடியும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள், தங்களுக்குப் பிரியமான ஒன்று கையைவிட்டுப் போய்விடும் என்று தெரிந்தும், தாங்களாகவே வந்து "அம்மா, தலை இடிக்குது" என்று சொல்கிறார்களா? சொல்கிறார்கள் என்றால், அதற்கு முன்னம் நீங்கள் என்ன செய்தீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.